விறகு சுமக்கும் புழு: பைப்புழுவைத் தேடவும் படிக்கவும் வளர்க்கவும் ஒரு முழு வழிகாட்டி

குளத்துக்கரைக் கருவேல மரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சுள்ளிக்கட்டு தொங்கும். காய்ந்த குச்சிகளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் நறுக்கி, நெருக்கிச் சேர்த்துக் கட்டியதுபோல இருக்கும். மரத்துக்கு ஏதோ நோய் என்றோ, சிலந்தி செய்த வேலை என்றோ நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தால் அந்தக் கட்டு நகரும். மேல் நுனியிலிருந்து ஒரு சின்னத் தலையும் மூன்று சோடிக் கால்களும் வெளியே வரும். இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தொங்கும் வீட்டை ஓர் இழுப்பு இழுக்கும். நிற்கும். இன்னோர் இழுப்பு.

வேளாண்மைக்காரர்கள் இதைப் பைப்புழு என்கிறார்கள். எங்கள் வீட்டில் விறகுப்பூச்சி. வளர்ந்தால் இது ஓர் அந்துப்பூச்சி. சைக்கிடே என்ற குடும்பம். உலகம் முழுக்க ஆயிரம் இனங்களுக்கு மேல் உண்டு. எல்லாவற்றுக்கும் வழக்கம் ஒன்றுதான்: முட்டையிலிருந்து வந்தவுடன் தனக்கு ஒரு பை கட்டிக்கொள்ளும், புழுவாக இருக்கும்வரை அதைவிட்டு இறங்காது.

கடலுக்கு அந்தப்புறம், இலங்கையில், சிங்களர் இதற்கு விறகுக்கட்டு என்றே பேர் வைத்திருக்கிறார்கள். போன பிறவியில் விறகு திருடியவர்கள்தான் இப்படிச் சுமந்து திரிகிறார்கள் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் அங்கே வேலைபார்த்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். இதை எங்கள் ஆச்சியிடம் சொன்னபோது, "பாவம்லா, திருடுனது ஒரு கட்டு, அதுக்கு ஆயுசு பூராவுமா சொமக்கணும்?" என்றாள்.

பத்து வயதில் நான் ஒரு பையைப் பிளேடால் கிழித்தேன். உள்ளே காலும் இல்லாமல் இறக்கையும் இல்லாமல் மஞ்சளாக ஒரு பிண்டம் இருந்தது. அழுகிய புழு என்று தூக்கிப் போட்டுவிட்டேன். அது முழுதாக வளர்ந்த தாய்ப்பூச்சி என்று தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. அந்தத் தவறு இன்றும் மனதில் கிடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றைத்தான்: பையைக் கிழிக்காதீர்கள், அதை வெளியிலிருந்தே படிக்கலாம். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா, தோல் உரிக்கிறதா, ஆணா பெண்ணா, பறந்துவிட்டதா, குளவிக்கு இரையாகிவிட்டதா, எல்லாம் வெளியே எழுதியிருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுச் சுவர்

மரம் தேடிப் போகும் முன் குளியலறை மூலையையும் பீரோவுக்குப் பின்பக்கச் சுவரையும் பாருங்கள். பூசணி விதை மாதிரி, தட்டையாக, நடுவில் அகலமாக, இரண்டு முனையும் குறுகி, சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். நம் ஊரில் இது இல்லாத வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. காய்ந்த அழுக்கு என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

இது பைப்புழுக் குடும்பம் அல்ல. கம்பளித் துணியை அரிக்கும் அந்துக்களின் குடும்பம். ஆனாலும் பை கட்டிச் சுமக்கும் பழக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான ஆள் கிடையாது. அதை மெதுவாக ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, மூச்சுக்காற்று படாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒரு முனை சிப்பிபோல் லேசாகத் திறக்கும். பழுப்புத் தலை எட்டிப் பார்க்கும். முன்னால் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். தலை உள்ளே போகும். சற்று நேரத்தில் மறுமுனையிலிருந்து அதே தலை வரும்! பைக்கு இரண்டு வாசல். உள்ளேயே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு நடுவில் அகலம் விட்டுக் கட்டியிருக்கிறது. அந்தப் பூசணி விதை வடிவத்துக்குக் காரணம் அதுதான்.

பூதக்கண்ணாடி இருந்தால் பையின் மேல்பரப்பைப் பாருங்கள். மணல், சுண்ணாம்புத் துணுக்கு, துணி நூல், பூச்சியின் கால் எல்லாம் பட்டில் பதிந்திருக்கும். சிமெண்ட் பூசிய வீட்டில் சாம்பல் நிறம். சாத்தான்குளம் பக்கம் தேரிமணல் பறக்கிற ஒரு வீட்டில் நான் பார்த்தது நல்ல செக்கச் சிவப்பு. பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளி, இவைதான் இதன் சாப்பாடு. வேண்டாம் என்றால் ஒட்டடை அடித்து மூலைகளைப் பெருக்கினால் போதும். மருந்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்த மரத்தில் தேடுவது

நம் சீமையில் கருவேலமும் உடைமரமும்தான் முதல் இடம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் தொங்குவது பெரும்பாலும் யூமெட்டா என்ற வகைப் பைப்புழு; குச்சியும் முள்ளும் நீளவாக்கில் அடுக்கிய பை. புளியமரத்தில் இருப்பது வேறு: சின்னது, இலைத் துணுக்குகளைச் செதில்போல ஒட்டியது, இலைக்கு அடியில் தொங்குவது. வாழை, கொய்யா, ரோஜா, தேயிலை, எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பைப்புழு தின்னும். சில இனங்கள் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, தீப்பெட்டிக் குச்சியால் பிள்ளைகள் கோபுரம் கட்டுவதுபோல, சதுரமாக அடுக்கிக்கொண்டே போகும். அதைக் கண்டால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கிடைத்தது மூன்றே முறை.

பங்குனி, சித்திரையில் இலை குறைந்து மரம் வெளிச்சமாக நிற்கும்போது தேடுவது எளிது. கரையில் நின்று வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். இலைக்கொத்து அசையும் போக்குக்கு ஒத்துப்போகாமல், தன் எடையில் தனியாக ஊசலாடுவது எதுவோ அதுதான். உச்சிக் கிளையை வளைக்க ஆடு மேய்க்கிறவர்களிடம் இருக்கும் துறட்டியைக் கேட்டு வாங்குங்கள். இதைப்பற்றி அந்த அண்ணாச்சிகளுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும். எந்த மரத்தில் நிறைய இருக்கிறது என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள்.

அப்படிக் கை காட்டும் மரத்தில் ஒரு விசேஷம் இருக்கும். ஒரே மரத்தில் நூறு பை தொங்கும். பத்தடி தள்ளி நிற்கும் அதே சாதி மரத்தில் ஒன்றுகூட இருக்காது. மற்ற அந்துப்பூச்சிகளின் தாய் பறந்து போய் நாலு இடத்தில் முட்டையிடும். யூமெட்டாவின் தாய்க்கு இறக்கை இல்லை. அது தான் கட்டிய பையிலேயே முட்டையிட்டு முடித்துவிடுகிறது. ஆகவே குடும்பம் அந்த மரத்தைச் சுற்றியே பெருகும். பிறகு எப்படி ஊர் மாறுகிறது என்பதைக் குஞ்சு பொரிக்கும் இடத்தில் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளோ, வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்திலோ, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திலோ பார்த்தால், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பூச்சிதானே என்று நினைக்க வேண்டாம். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் ஓடைகளில் கால் நனைக்கும்போது தண்ணீருக்கு அடியில் கல்லைப் புரட்டிப் பார்த்தீர்களானால், மணலாலும் இலைத்துண்டாலும் குழாய் கட்டி உள்ளே இருக்கும் சிறு புழுக்களைக் காணலாம். அவை பைப்புழு அல்ல, நீரில் வளரும் வேறொரு வரிசைப் பூச்சிகள். ஆனால் அந்த வரிசை வண்ணத்துப்பூச்சி, அந்து வரிசைக்கு மிக நெருங்கிய சொந்தம். பட்டு நூற்று வீடு கட்டும் கை இரண்டு பக்கமும் இருக்கிறது. பார்த்துவிட்டுக் கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

பையைப் படிப்பது

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கையில் எடுக்காதீர்கள். கண்ணால் மட்டும் பாருங்கள்.

பையில் இரண்டு வாசல். மேல்வாசல் வாய்ப்பக்கம், அங்கே குச்சி இல்லாமல் மெத்தென்று பட்டாலான ஒரு கழுத்துப்பட்டை இருக்கும். புழு தலையை நீட்டுவதும் இலை தின்பதும் நடப்பதும் அதன் வழியே. கீழ்வாசல் சிறியது. அதன் வழியேதான் புழுக்கை வெளியேறும். ஆட்டுப்புழுக்கையைக் கடுகு அளவுக்குச் சுருக்கியதுபோல இருக்கும். மரத்தடியில் காய்ந்த இலைமேல் அது புதிதாகக் கிடந்தால் தலைக்கு மேலே பாருங்கள், ஆள் இருக்கிறது.

இப்போது கழுத்துப்பட்டையைக் கவனியுங்கள். அதன் ஓரத்தில் பச்சை இலைத்துணுக்கு ஒட்டியிருந்தால் இன்றைக்கோ நேற்றோ வேலை நடந்திருக்கிறது. கிளையை விரலால் மெல்லத் தட்டினால் கழுத்துப்பட்டை சுருக்குப்பை வாய்போல இறுகும். ஆச்சி வெற்றிலைப் பையின் கயிற்றை இழுப்பாளே, அதே மாதிரி. உயிரோடு, தின்றுகொண்டிருக்கும் புழு என்று குறித்துக்கொள்ளலாம்.

பை கிளையோடு மெல்லிய பட்டு நூலால் கட்டப்பட்டு, வாய் மூடி, இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால், பெரும்பாலும் தோல் உரிக்கிறது. உரித்த தோலும் பழைய தலை ஓடும் கீழ்வாசல் வழியே கீழே விழும். கடுகைப் பாதியாகப் பிளந்த அளவில், பளபளவென்று, கறுப்பாக ஒரு கிண்ணம். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து வைத்தால் அகப்படும். நான் சேர்த்து வைத்த தலை ஓடுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. புழு வளர்ந்த படிகள் அப்படியே தெரியும்.

தடித்த பட்டுக் காம்பால் கிளையில் இறுக்கிக் கட்டி, கிளையை ஆட்டினாலும் பை தனியாக அசையாமல் இருந்தால், உள்ளே கூட்டுப்புழு. சாப்பாடு முடிந்துவிட்டது. பல புழுக்கள் இந்த நேரத்தில் இலையை விட்டுத் தள்ளி, தடித்த கிளைக்கோ வேலிக் கம்பிக்கோ சுவருக்கோ வந்துவிடும். கட்டி முடித்ததும் உள்ளே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். இனி வெளியே போகிற வழி கீழ்வாசல்.

ஆணா பெண்ணா என்பது இதற்குப் பிறகு எளிதாகத் தெரியும். கீழ்வாசலிலிருந்து பழுப்பு நிறத்தில் காலிக்கூடு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது ஆண், பறந்துபோய்விட்டது. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே நெளிந்து நெளிந்து பாதி உடலை வெளியே தள்ளிக்கொண்டு, அங்கே தோலைப் பிளந்து ஆண் அந்து வெளிவரும். கரும்பழுப்பு, ரோமம் அடர்ந்த உடல், படபடவென்று இறக்கை அடிக்கும். அதற்குச் சாப்பிட வாய் இல்லை. ஒரு சில நாள்தான் ஆயுள்.

எதுவும் நீட்டிக்கொண்டிராமல், பை கனமாக, மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தால் பெண்ணாக இருக்கலாம். பெண்ணுக்குக் கண், கால், இறக்கை எதுவும் சொல்லும்படி வளர்வதில்லை. முட்டை நிறைந்த ஒரு பை, அந்தப் பைக்குள். அது ஒரு வாசனையைக் காற்றில் விடும். ஆண் அதைப் பிடித்துக்கொண்டு வந்து கீழ்வாசலில் தொங்கி, தொலைநோக்கிக் குழாய் நீளுவதுபோலத் தன் வயிற்றை நீட்டி உள்ளே விட்டு இணையும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பிறகு பெண் தன் பழைய கூட்டுத் தோலுக்குள்ளேயே முட்டைகளை இட்டு, தன் உடலின் மென்ரோமத்தை இடையே திணித்துவைத்துச் சாகும். முட்டை சில நூறு இருக்கும், பெரிய இனங்களில் ஆயிரம் தாண்டும். பத்து வயதில் நான் பிளேடு வைத்தது இந்தத் தாய்மேல்தான்.

இன்னும் இரண்டு அடையாளம். பையின் பக்கவாட்டில் குண்டூசி குத்தியதுபோல வட்டமான துளை இருந்தால் உள்ளே இருந்தது குளவிக்கு இரையாகிவிட்டது. ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவுக்குள் வளர்ந்து, முடிந்ததும் துளைபோட்டு வெளியே வரும். பை தாறுமாறாகக் கிழிந்து பட்டு தொங்கினால் பறவையோ அணிலோ.

கடைசியாக, பையைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். புழு எப்போதும் வாய்ப்பக்கத்தில்தான் புதிய பொருளைச் சேர்க்கும். ஆகவே கீழ் நுனியில் இருப்பது அதன் பிள்ளைப்பருவம்: பொடிப்பொடித் துணுக்குகள். மேலே வரவரக் குச்சி தடித்துக்கொண்டே போகும். ஒரு தடவை புளிய இலையில் தொடங்கி நடுவில் கருவேல முள்ளுக்கு மாறிய பை ஒன்று கிடைத்தது. புளியமரக் கிளையும் கருவேலக் கிளையும் உரசிக்கொண்டு நிற்கும் இடம் அது. எந்த மட்டத்தில் மரம் மாறியது என்று விரல்வைத்துக் காட்டலாம்.

ஒன்றை வீட்டில் வளர்ப்பது

ஒன்று போதும். இரண்டு எடுத்தால் ஒப்பிடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பையைப் பிடித்து இழுக்காதீர்கள். புழு விடாது, நீங்கள் பலமாக இழுத்தால் அதற்குத்தான் காயம். அது உட்கார்ந்திருக்கும் சுள்ளியோடு கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். கம்பளிப்பூச்சிபோல அரிக்குமோ என்று பயப்பட வேண்டாம். எத்தனையோ தடவை கையில் வைத்திருக்கிறேன், ஒருநாளும் அரித்ததில்லை. கருவேல முள்தான் குத்தும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல முறை, மரத்திலேயே வைத்து வளர்ப்பது. வீட்டு முற்றத்தில் அதே சாதி மரம் இருந்தால் ஒரு கிளையில் புழுவை விட்டு, கொசுவலையைப் பை மாதிரி தைத்து அந்தக் கிளைக்கு மாட்டி, அடியில் சணலால் கட்டிவிடுங்கள். இலை மாற்றும் வேலை இல்லை, பூஞ்சணம் பிடிக்காது.

அப்படி வசதி இல்லையென்றால் அகலமான கண்ணாடி ஜாடி. ஒரு சிறிய மருந்துப்புட்டியில் தண்ணீர் ஊற்றி, இலையோடு ஒரு சுள்ளியை அதில் செருகி ஜாடிக்குள் வையுங்கள். புட்டியின் வாயைச் சுற்றிப் பஞ்சு அடைக்க மறக்கக் கூடாது. முதல் வருடம் நான் அடைக்கவில்லை. புழு சுள்ளி வழியாக இறங்கிப்போய்த் தண்ணீரில் மூழ்கிவிட்டது, அத்தனை விறகையும் சுமந்துகொண்டு. காலையில் அதைப் பார்த்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஜாடி வாயைக் கொசுவலையால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். வெயில் நேராகப் படாத ஜன்னல் ஓரம் நல்லது. தண்ணீர் தெளிக்க வேண்டாம். புழுக்கையை ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டி எடுங்கள், விட்டால் பூஞ்சணம். எறும்பு வரும் வீடாக இருந்தால் ஜாடியை ஒரு தட்டுத் தண்ணீரில் நிற்க வையுங்கள்.

எந்த மரத்தில் எடுத்தீர்களோ அந்த மரத்து இலையையே கொடுங்கள். பல மரம் தின்னும் இனமாக இருந்தாலும், வளர்ந்த புழு பழகிய இலையை விட்டு மாறத் தயங்கும்.

பை கட்டுவதைக் கண்ணால் காண

கீழுதட்டில் உள்ள ஒரு நுண்குழாய் வழியேதான் பட்டு வருகிறது. தலையை இடமும் வலமும் எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி நூலைப் பூசும். சாயங்காலம் அல்லது அதிகாலையில் பார்த்தால் வேலை நடக்கும்போது பிடிக்கலாம். ஒரு சுள்ளியைத் தாடையால் கவ்வி, கத்தரித்து, கழுத்துப்பட்டையின் ஓரத்தில் வைத்து, முன்கால்களால் பிடித்துக்கொண்டு நூலால் தைக்கும். அதற்குப் பிறகு உட்புறம் பூச்சு. கைவிட்டுப்போன பழைய பையைக் கத்தரித்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளியே அத்தனை முரடு. உள்ளே கல்யாணப் பட்டின் உள்மடிப்பு மாதிரி வழவழப்பு.

அந்தப் பழைய பையை வெறும் கையால் கிழிக்க முயன்றாலே அந்தப் பட்டின் பலம் தெரியும். என்னால் முடிந்ததில்லை, கத்தரிக்கோல்தான் வேண்டும். ஜப்பானில் பைப்புழுப் பட்டை ஆராய்ந்தவர்கள் அது சிலந்தி நூலைக் காட்டிலும் வலிமையானது என்று 2018 இறுதியில் அறிவித்தார்கள். கருவேல மரத்தில் தொங்கும் சுள்ளிக்கட்டின் உறவினரைப் பற்றிய செய்தி அது.

அதே ஜப்பானில் பிள்ளைகள் பைப்புழுவுக்கு வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கொடுத்து வண்ணப் பை கட்ட வைப்பது பழைய விளையாட்டு. நீங்களும் செய்யலாம். ஆனால் அதற்காகப் புழுவைப் பையிலிருந்து உருவி எடுக்கிறார்கள். அதை நான் செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன். உருவப்பட்ட புழு தின்பதை நிறுத்திவிட்டு முதலில் வீடு கட்டியாக வேண்டும், முற்றிய புழுவாக இருந்தால் முடியாமலும் போகலாம். பையோடு இருக்கட்டும். சுள்ளியைக் குறைத்து, வண்ணக் காகிதத்தைச் சிறு கீற்றுகளாக நறுக்கிக் கிளையில் சொருகி வையுங்கள். பொறுமை வேண்டும். ஒருநாள் காலையில் கழுத்துப்பட்டைக்குக் கீழே ஒரு சிவப்புக் கீற்று இருக்கும். பிறகு நாளாக நாளாக அந்தக் கீற்று கீழே தள்ளிக்கொண்டே போகும். மேலே எவ்வளவு கட்டியிருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள்.

குஞ்சு பொரிக்கும் காலை

உங்களிடம் இருப்பது தாய்ப்பை என்று சந்தேகம் வந்த அன்றைக்கே கொசுவலையை மாற்றி, நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். நான் கட்டவில்லை. ஜாடியை ஒரு நியூஸ்பேப்பர்மேல் வைத்திருந்தேன். ஒருநாள் எழுந்து பார்த்தால் மேசை முழுக்க மிளகாய் விதையில் பாதிகூட இல்லாத வெள்ளைப் பொட்டுகள் நடந்துகொண்டிருந்தன. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குஞ்சும் நியூஸ்பேப்பரைச் சுரண்டி, அந்தத் துகளால் கூம்புத் தொப்பி செய்து, பின்பாகத்தைத் தூக்கி அதில் நட்டுக்கொண்டு நடந்தது. இரண்டு மூன்று தொப்பியில் அச்சு மை கறுப்பாகத் தெரிந்தது.

பை எப்படித் தொடங்குகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். துகள்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பட்டு நூலில் மாலைபோலக் கோத்து, இரண்டு முனையையும் தரையில் ஒட்டுகிறது. பிறகு அந்த மாலைக்கு அடியில் தலையை விட்டுக் குட்டிக்கரணம் போடுகிறது. மாலை இடுப்பில் விழுந்துவிடும். முனைகளைச் சேர்த்துக் கட்டினால் அரைஞாண். அந்த அரைஞாணிலிருந்து கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டே போனால் தொப்பி. யாரும் சொல்லித் தரவில்லை. தாய் ஏற்கெனவே இறந்துவிட்டது. தாயின் ரோமமும் தாய்ப்பையின் துணுக்கும் கிடைத்தால் முதலில் அதையே எடுத்துக்கொள்ளும். சின்ன வயதில் பை செங்குத்தாக நிற்கும். எடை கூடியபிறகுதான் தொங்கத் தொடங்கும்.

மரத்தில் பொரித்தால் குஞ்சுகள் பட்டு நூலில் இறங்கித் தொங்கும். காற்று அடித்தால் நூலோடு பறந்துபோகும். தாய்க்கு இல்லாத இறக்கையின் வேலையை இந்த நூல் செய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் பணகுடிப் பக்கம் நின்றவர்களுக்கு அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் மேசைக் குஞ்சுகளை நியூஸ்பேப்பரோடு சுருட்டிக்கொண்டுபோய், தாயை எடுத்த அதே கருவேலத்தின் அடிமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேறு மரத்தில், முக்கியமாக யாருடைய தோட்டத்திலும், விடக் கூடாது. மேற்கு மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், புளியமரத்தில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சிறு பைப்புழு, வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு மரத்தின் தோட்டங்களில் பெருகி மரங்களையே மொட்டையடித்தது.

தோட்டத்தில் பெருகிவிட்டால்

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருப்பவர்களும், வீட்டில் நாலு கொய்யா வைத்திருப்பவர்களும் இதைத்தான் கேட்பார்கள். பத்துப் பதினைந்து பை இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மரம் தாங்கும், குளவிகள் பார்த்துக்கொள்ளும். கிளைகள் மொட்டையாகத் தொடங்கினால் கையால் பறிப்பதுதான் முதல் வழி. அதுவும் பொரிப்பதற்கு முன்னால். ஒரு தாய்ப்பையைப் பறித்தால் நூற்றுக்கணக்கில் குறைகிறது. தாய்க்கு இறக்கை இல்லை என்பது இங்கே நமக்குச் சாதகம்: ஒரு மரத்தைச் சுத்தம் செய்தால் அது சீக்கிரம் திரும்ப நிறையாது.

பறிக்கும்போது கிளையில் சுற்றியிருக்கும் பட்டுக் கட்டையும் வெட்டி எடுங்கள். அதை விட்டுவிட்டால் கிளை பருக்கும்போது கம்பி இறுக்கியதுபோல அதன் கழுத்தை நெரிக்கும். பறித்ததைக் கீழே போடாதீர்கள், திரும்ப ஏறிவிடும்.

மருந்து அடிப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தெளிக்கிற மருந்து பைமேல் விழுகிறது, புழுமேல் அல்ல. மழை, வெயில், எறும்பு எல்லாவற்றையும் தடுக்கிற சுவர் அது. வாய் மூடிக் கட்டிக்கொண்டு கிடக்கும் பையின்மேல் எவ்வளவு அடித்தாலும் வீண். இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து அப்படிப்பட்டது. அதையும் குஞ்சு சின்னதாக, பை நகத்தளவு இருக்கும்போதே, பொட்டலத்தில் அச்சிட்ட அளவில், வெயில் இறங்கியபிறகு அடிக்க வேண்டும். முற்றிய பைகளைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுவதில் பயனில்லை. விளக்குப்பொறி வைத்தால் ஆண்கள் வந்து விழலாம். முட்டையிடுகிற பெண் பையைவிட்டே வராது.

பறித்த பைகளை நெருப்பில் போட வேண்டாம். ஒரு வாளியில் போட்டு, கொசுவலையால் மூடிக் கட்டி, மரம் செடி இல்லாத இடத்தில், களத்துமேட்டு நிழலிலோ மொட்டைமாடி நிழலிலோ ஒரு மாதம் வையுங்கள். பொரித்து வரும் குஞ்சுகளுக்குத் தின்ன இலை கிடைக்காது. ஆனால் பைகளுக்குள் இருக்கும் சிறு குளவிகள் வலைக்கண் வழியாக வெளியேறித் தோட்டத்துக்கே திரும்பிப் போகும். என் வாளியில் மூன்றாம் வாரம் வலையின் அடிப்பக்கத்தில் அவை கறுப்புப் பொட்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தன. கொசு என்று நினைத்து மதினி கையை ஓங்கிவிட்டாள், தடுத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் கொய்யா மரம் நிற்கும் பக்கமாகப் போய்விட்டன.